சோலையும் புல்வெளியும்: மேல்மலைக் காடுகளைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

ஊட்டியிலிருந்து மேல்பவானி பக்கமோ, மூணாறிலிருந்து ராஜமலை பக்கமோ போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். சரிவு முழுக்கப் புல். மலை மடிந்து பள்ளமாகும் இடங்களில் மட்டும் கரும்பச்சையாக, அடர்த்தியாக, சிறு சிறு காடுகள். இவற்றைத்தான் சோலை என்கிறோம். புல் முடிகிற இடத்தில் சட்டென்று காடு தொடங்கிவிடும். நடுவில் புதர், குறுமரம் என்று படிப்படியான மாற்றம் ஏதும் பெரும்பாலும் இருக்காது.

பார்த்ததும் பலர் கேட்பது, "மீதி மரத்தையெல்லாம் யார் வெட்டினார்கள்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி யாரும் வெட்டி உண்டானதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 1,700 மீட்டருக்கு மேல், நீலகிரி, ஆனைமலை, பழனிமலை போன்ற இடங்களில், புல்லும் சோலையும் இப்படித்தான் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து வருகின்றன. இரண்டும் சேர்ந்துதான் ஒரு காடு. இது புரியாமல் புல்லை வெற்றிடம் என்று நினைத்து மரம் நட்டதால் வந்த விளைவுகளைச் சரிசெய்வதுதான் இன்று அந்த மலைகளில் வனத்துறைக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் பெரிய வேலை.

முதலில் சோலை. கீழ்மலை மழைக்காட்டின் மரங்களைப் போல இவை வானுயர வளர்வதில்லை. பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள் நின்றுவிடும். ஓயாத காற்றில் உச்சி உருண்டு, ஒன்றோடொன்று நெருங்கி, வெளியிலிருந்து பார்த்தால் இடைவெளியே தெரியாது. காட்டு நாவல் வகைகள், மலைச் சண்பகம், காட்டு இலவங்க வகைகள் என்று பல இனங்கள் கலந்திருக்கும். கொழுந்து விடும் காலத்தில் மரங்களின் தலை செம்பாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். உள்ளே நுழைந்தால் வெயிலும் காற்றும் நின்றுவிடும். தண்டுகளில் பாசி, கிளைகளில் பெரணியும் ஆர்க்கிடும். கால் வைத்தால் அமுங்கும் கருமண், அதன்மேல் பாதி மக்கிய இலைகள், அந்த இலைகளுக்கு அடியில் வலைபோல் வேர்கள். கையால் சற்றே விலக்கினால் கோடையிலும் ஈரம் தட்டுப்படும். சோலை மரக்கன்றுகள் அந்த நிழலிலேயே முளைத்து, ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சம் வரும்வரை பல ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவை. வளர்ச்சி மிக மெதுவானது. அதனால்தான் ஒருமுறை அழிந்த சோலையை ஒரு தலைமுறைக்குள் திரும்பப் பார்ப்பது கடினம்.

புல்வெளி சோலையைவிட எளிமையானது என்று தோன்றும். நின்று பார்த்தால் அப்படியில்லை. தெமெடா, கிரைசோபோகன், யூலாலியா என்று பல புல் இனங்கள் தூறு தூறாக வளர்கின்றன. தூறுகளுக்கு இடையே நிலத்து ஆர்க்கிடுகள், சிறு பூச்செடிகள், கிழங்கு வைக்கும் செடிகள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இந்தத் திறந்த வெளியின் செடி. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. அடர்ந்த மர நிழலில் அது நிற்காது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடும் இந்தப் புல்லையும் அதை ஒட்டிய பாறைச் சரிவுகளையும் நம்பித்தான் வாழ்கிறது. எதிரி வருவதை வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பாறைக்கு ஓடித் தப்பும் விலங்கு அது. பார்வையை மறைக்கும் மரக்கூட்டம் வந்தால் அந்த இடத்தை விட்டு விலகுகிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் பதிவாயின. நீலகிரி நெட்டைக்காலி என்ற பழுப்புநிறச் சிறு பறவையும் இந்த மேல்மலைப் புல்வெளியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் சோலைக்குள் போய்ப் பிழைத்துக்கொள்ளாது. புல் போனால் இவையும் போகும்.

எல்லையைக் காப்பது எது?

இரண்டும் ஒரே மலையில், ஒரே மழையில் நிற்கும்போது சோலை மரம் ஏன் புல்லுக்குள் பரவுவதில்லை? காற்று, மண்ணின் ஆழம், தீ என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது உறைபனி.

மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவுகளில் நீலகிரியின் திறந்த வெளிகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். புல் நுனியில் வெள்ளையாகப் பனி உறையும். பகலில் சேர்ந்த சூட்டை நிலம் இரவில் வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. தடுக்க மேலே எதுவும் இல்லை. சோலைக்குள் கதை வேறு. அடர்ந்த இலைக்கூரை ஒரு போர்வை போல நிலத்தின் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது. அதனால் சோலையின் விளிம்புக்கு வெளியே சில அடி தூரத்தில் புல் உறைந்து கிடக்கும்போது, உள்ளே மரக்கன்றுகள் பாதிப்பில்லாமல் நிற்கும்.

ஒரு பறவை தின்று போட்ட சோலை விதை புல்வெளியில் முளைத்தது என்று வையுங்கள். மழைக்காலம் முழுக்க நன்றாக வளரும். முதல் பனிக்காலத்தில் இரவுக் குளிரில் இலை விறைக்கும்; விறைத்த இலைமேல் காலையில் மலைவெயில் நேராக விழும். இந்த இரண்டும் சேர்ந்து இலையைக் கருக்கிவிடும். அடுத்தடுத்த பனி இரவுகளைப் பெரும்பாலான கன்றுகள் தாண்டுவதில்லை. தாண்டிய ஒன்றிரண்டைக் கோடைத் தீ முடித்துவைக்கும். புல்லுக்கு இவை எதுவும் பெரிய இழப்பல்ல. அதன் வளரும் நுனி தூறின் அடியில், மண்ணை ஒட்டி இருக்கிறது. மேல்பகுதி கருகினாலும் எரிந்தாலும் மேய்ந்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். காட்டுப் பூவரசு என்று சொல்லப்படும் ரோடோடென்ட்ரான் மட்டும் விதிவிலக்கு. தடித்த பட்டையோடு தீயைத் தாங்கி, புல்லின் நடுவே தனித்தனியாக நின்று செக்கச் சிவப்பாகப் பூக்கும்.

ஆக, சோலை தன் கூரையால் தன் கன்றுகளைக் காத்துக்கொள்கிறது. புல் தன் திறந்த வெளியால் பனியையும் தீயையும் வரவழைத்து மரத்தை விலக்கி வைக்கிறது. இரண்டுமே தம்மைத் தாமே நிலைநிறுத்திக்கொள்ளும் அமைப்புகள். சூழலியலில் அடிக்கடி வரும் முக்கியமான கருத்து இது: ஒரே தட்பவெப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையான சூழல் இருக்க முடியும். "விட்டுவிட்டால் எல்லா நிலமும் கடைசியில் மரக்காடாகும்" என்ற பழைய எண்ணம் இந்த மலையில் செல்லாது.

புல்வெளி பழமையானது என்பதற்குச் சான்று மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா போன்ற சதுப்புகளில், மட்கிய தாவரங்கள் நீரில் அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. கார்பனில் எடை குறைந்தது, கூடியது என்று வகைகள் உண்டு. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் மரங்களிலிருந்து வேறுபட்டது என்பதால், எடை கூடிய கார்பன் அவற்றில் சற்று அதிகமாகச் சேரும். ஒவ்வொரு அடுக்கிலும் இந்த விகிதத்தை அளந்தால், அந்தக் காலத்தில் அங்கே எந்த வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்று கணிக்கலாம். அப்படி அளந்தபோது, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, அங்கே புல் பரந்திருந்தது தெரிந்தது. மழை கூடிய காலங்களில் மற்ற தாவரங்கள் பெருகியிருக்கின்றன, வறண்ட காலங்களில் புல் ஓங்கியிருக்கிறது. யாரும் கோடரி தூக்குவதற்கு வெகு முன்னால் நடந்த ஏற்ற இறக்கம் இது.

மரம் வந்த வரலாறு

1820களில் ஊட்டி ஆங்கிலேயரின் குடியிருப்பாக உருவானது. குளிருக்கு விறகு வேண்டும், வீட்டுக்குப் பலகை வேண்டும். அருகிலிருந்த சோலைகள் வேகமாக வெட்டப்பட்டன. சீக்கிரம் வளரும் மரம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். நீலகிரியில் சீகை என்றால் வாட்டில், கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ். மிச்சமிருந்த சோலைகள் விறகாகாமல் தப்பியதில் இந்தத் தோப்புகளுக்கும் பங்கு உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது.

சிக்கல் பெரிதானது சுதந்திரத்துக்குப் பிறகு. தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கை இழைக்கு மரக்கூழ் என்று தொழில்துறையின் தேவை கூடியது. ஆவணங்களில் பயனற்ற நிலம் என்று எழுதப்பட்டிருந்த புல்வெளிகள் மலை மலையாகத் தோட்டங்களாக்கப்பட்டன. பழனிமலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அந்த நாற்பதாண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. அதே காலத்தில் மரத்தோட்டங்களின் பரப்பு பத்து மடங்குக்கும் மேல் பெருகியிருந்தது. சோலையின் இழப்பைப் பற்றி நாம் பேசிய அளவுக்குப் புல்லின் இழப்பைப் பற்றிப் பேசவே இல்லை. பச்சையாக இருந்ததால் இழப்பு என்றே யாருக்கும் தோன்றவில்லை.

நட்ட இடத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சீகை நிற்கவில்லை. அதன் சொந்த ஊரான தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் உறைபனி வழக்கமான ஒன்று. நம் சோலை மரங்களைத் தடுத்த பனிவேலி அதைத் தடுக்கவில்லை. பயறு குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வேர்முடிச்சுகள் வழியே தனக்கான தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சத்துக் குறைந்த மண்ணும் அதற்குப் போதும். விதையின் தோல் கெட்டியானது. முளைக்காமல் பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும். தீ பரவினால் அந்தச் சூட்டில் தோல் வெடித்து, ஒரே மழையில் ஆயிரக்கணக்கில் முளைக்கும்.

இதில் தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. பவானியும் மோயாறும் பைக்காராவும் பிறப்பது இந்தச் சரிவுகளிலும் இவற்றின் அடியில் உள்ள சதுப்புகளிலும்தான். நீலகிரியின் கிளன்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தில் கற்பூர மரம் நட்டு, இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட நீர்ப்பிடிப்பின் வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்ததை வளரவிட்ட இரண்டாம் சுற்றில், குறைவு ஏறக்குறைய கால் பங்கானது. புல் தூறு குறைவாகக் குடித்து, மிச்சத்தை மெதுவாக மண்ணுக்குள் இறக்கி ஓடைக்கு விடுகிறது. ஆழ வேர்விட்டு ஆண்டு முழுக்க இலையோடு நிற்கும் மரம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் விடும். மரம் நட்டால் நீர் பெருகும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியல்ல. எந்த நிலத்தில், எந்த மரம் என்பதைப் பொறுத்தது அது.

இப்போது என்ன செய்வது?

"அந்நிய மரம்தானே, எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள்" என்பது முதலில் தோன்றும் தீர்வு. அவசரப்பட்டால் அது கெடுதலாக முடியும். இருபது, முப்பது ஆண்டுப் பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றுக்குள், குறிப்பாகச் சோலையை ஒட்டியவற்றில், நடந்து பார்த்தால் சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து நிற்பதைக் காணலாம். பறவைகளும் கருமந்திகளும் கொண்டுவந்து போட்டவை. சீகையின் கூரை பனியைத் தடுப்பதால் அவை பிழைத்திருக்கின்றன. கொடைக்கானல் வட்டக்கானல் பகுதியில் நெடுங்காலம் சோலை மீட்பில் ஈடுபட்டவர்கள் இதைக் கவனித்து வலியுறுத்தி வந்திருக்கிறார்கள். அந்தத் தோப்பை ஒரேயடியாக மொட்டையடித்தால் அந்தக் கன்றுகளும் போகும். வெயில் பட்ட மண்ணிலிருந்து உறங்கிக் கிடந்த சீகை விதைகளும் எழும். ஐந்து ஆண்டில் முன்பைவிட அடர்ந்த சீகைக்காடுதான் மிஞ்சும். இத்தகைய இடங்களில் சீகையைச் சிறிது சிறிதாகக் கழித்து, சோலைக் கன்றுகளுக்கு வெளிச்சம் கொடுத்து, மெல்லச் சோலை மேலெழ விடுவதே நல்லது. அங்கே ஒருகாலத்தில் புல் இருந்திருக்கலாம். அந்தப் புல்லை மீட்கும் செலவை வேறு இடத்தில் செலவிட்டால் பலன் பல மடங்கு.

அந்த வேறு இடம், இன்னும் உயிரோடிருக்கும் புல்வெளியின் விளிம்பு. நீலகிரியின் முக்கூர்த்தியிலோ ஆனைமலையின் கிராஸ் ஹில்ஸிலோ, நல்ல புல்லுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக முழங்கால் உயரச் சீகை நாற்று நிற்கும். இறகு போன்ற அதன் இலை புல்லின் நிறத்திலிருந்து தனித்துத் தெரியும். மழை பெய்து மண் இளகிய நாளில் அடித்தண்டைப் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஒருவரே நாளெல்லாம் பிடுங்கலாம். இரண்டு ஆண்டு கழித்துப் போனால் கையால் வராது. வெட்டினால் பல வகைகள் அடிக்கட்டையிலோ வேரிலோ மறுபடி துளிர்க்கும். பிறகு மரத்தைச் சுற்றித் தரைமட்டம்வரை பட்டையை உரித்து, நின்ற நிலையிலேயே காயவிட வேண்டும். அதற்கும் பிறகு அறுப்பு, பாதை, வண்டி, ஏலம் என்று வேலை நீளும். ஒரே செடி, வயதுக்கு ஏற்றபடி செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே பணமும் ஆளும் குறைவாக இருக்கும்போது மோசமான இடத்தில் தொடங்காமல், நல்ல இடத்தைக் கெடாமல் காப்பதில் தொடங்க வேண்டும். பார்வைக்குப் பெரிய வேலையாகத் தெரியாது என்பதால் இதற்கு நிதி கிடைப்பது கடினம். ஆனாலும் என் கணிப்பில் மேல்மலைப் புல்வெளிகளுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

முழுக்கச் சீகையாகி, கீழே புல்லும் இல்லை, சோலைக் கன்றும் இல்லை என்ற இடங்களில் மரத்தை நீக்கிய பிறகு புல்லை நடத்தான் வேண்டும். பக்கத்து மலையில் நன்றாக வளர்ந்த தூறுகளிலிருந்து சிறிது எடுத்துப் பிரித்து, நாற்றங்காலில் பெருக்கி, மழை தொடங்கும்போது நடுகிறார்கள். மூணாறு பக்கம் ஆனமுடிச்சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் இப்படிப் புல் திரும்பியிருக்கிறது. நட்டதோடு முடிவதில்லை. மண்ணில் மிச்சமுள்ள விதைகள் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. அகற்றுவதற்கு ஒதுக்கும் பணத்தில், அகற்றிய பிறகான ஆண்டுகளின் களையெடுப்புக்கும் பங்கு இருக்கிறதா என்று பார்த்தால்தான் அந்தந்தத் திட்டம் தேறுமா என்று சொல்ல முடியும்.

சமவெளியில் இருக்கும் நமக்கும் இதில் வேலை உண்டு. மலைக்குப் போகும்போது திறந்த சரிவுகளில் விதைப்பந்து எறியாதீர்கள். நல்ல எண்ணத்தோடு எறியும் விதை அங்கே முளைத்தால் தொல்லை. மரம் நடும் திட்டத்துக்கு நன்கொடை கேட்டு யாராவது வந்தால், நடப்போகும் நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். வெட்டப்பட்ட காடு என்றால் சரி. புல்வெளி, சதுப்பு என்றால் அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

இன்னும் தீராத விவாதம் தீயைப் பற்றியது. தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகப் பருவம் பார்த்துப் புல்லைச் சிறு பகுதிகளாக எரித்து வந்தவர்கள். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் முதுவர் பழங்குடியினரின் உதவியோடு பகுதி பகுதியாக எரிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. இளந்துளிர் வரும், காய்ந்த புல் குவிந்து பெருந்தீ மூளாது என்பது இதன் பயன். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பெரும்பாலும் தீ முழுத் தடை. சீகை விதை கலந்த மண்ணில் எரிப்பது ஆபத்து என்பதால் தடைக்கும் காரணம் இருக்கிறது. சீகை நுழையாத புல்வெளியில் மட்டும், அந்த மக்களின் அறிவோடு, சிறிய அளவில் முயன்று பார்ப்பது தவறாகாது என்று நினைக்கிறேன்.

தட்பவெப்பமும் சும்மா இருக்கவில்லை. இரவுகள் சூடாகி உறைபனி குறைந்தால் புல்வெளியின் காவல் தளரும். அப்போது சோலை மரங்கள் மெல்ல முன்னேறலாம். அவற்றை முந்திக்கொண்டு, வேகமாக வளரும் சீகை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கான வாய்ப்புதான் அதிகம். விளிம்பில் நாற்று பிடுங்கும் வேலை இனி வரும் ஆண்டுகளில் கூடத்தான் செய்யும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அதற்கென்று ஆளும் பணமும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும்.